அளவுக்கு ஓர் ஆள்

சோரியா, ஆல்பர்ட்டா
15 அக்டோபர் 1967

அன்புள்ள தம்பி தனிலோவுக்கு,

கிறிஸ்துவுக்கு மகிமை. இங்கே நான் நலம், பசுக்கள் நலம், முழங்கால் மட்டும் தன் இஷ்டத்துக்கு நடக்கிறது. உன் வயிறு எப்படி இருக்கிறது? வேளைக்குச் சமைக்கிறாயா, இல்லை அந்தக் காட்டு ஆய்வு நிலையத்து அறையில் இன்னும் டப்பா மீன்தானா?

உன் அத்தானுக்குக் கல்லறைக் கல் வைத்தாயிற்று. கல்தச்சன் ஃபெடோரக் வெக்ரவில்லிலிருந்து கொண்டுவந்து நிறுத்திவிட்டுப் போனான். கறுப்புக் கல், எழுத்து பளிச்சென்று இருக்கிறது. பெயருக்கு மேலே, பீங்கானில் சுட்ட முகப்படம் பதிக்க முட்டை வடிவத்தில் ஒரு குழி வெட்டியிருக்கிறான். அந்தக் குழிதான் இப்போது என் தலைவலி.

நம் கல்லறைத் தோட்டத்தில் முகமில்லாத கல் கிடையாது என்று உனக்கே தெரியும். டோம்காவின் புருஷன் உயிரோடிருந்தவரை தலை சீவியதில்லை. இப்போது பீங்கானில் வகிடெடுத்து மாப்பிள்ளை மாதிரி சிரிக்கிறான். என் ஓலெக்சாவின் முகத்துக்கு நான் எங்கே போவேன்? புகைபோக்கி தீப்பிடித்த அன்று கல்யாணப் படம் சுவரோடு போயிற்று, பெட்டியில் இருந்தவை பெட்டியோடு போயின. "முகந்தான் இங்க இருக்கே, படம் எதுக்குடி?" என்றார் அன்றைக்கு. ஆகஸ்டில் வைக்கோல் போரடியில் சாய்ந்தபோது முகத்தையும் கொண்டுபோய்விட்டார். டோம்கா மகள் கல்யாணப் படத்தில் அவர் நிற்கிறார், கழுத்து வரைக்கும். அதற்கு மேலே பிடில்காரனின் தொப்பி மறைக்கிறது.

இனி நீதான் கதி. எத்தனை கோடை உன்னோடு அந்த வடக்குக் காட்டில் மரம் அளந்திருப்பார்! நீ கேமராவோடு நின்றாய், அவர் அளவுக் கம்பைப் பிடித்துக்கொண்டு மரத்தடியில் நின்றார். நூற்றுக்கணக்கில் படம் இருக்கும் உன்னிடம். முகம் தெரிகிற மாதிரி ஒன்றே ஒன்று அனுப்பு. ஈஸ்டருக்கு ஏழு வாரம் கழித்து, பச்சை ஞாயிறன்று பாதிரியார் யூலியன் கல்லறைகளை ஆசீர்வதிக்க வருவார். அதற்குள் அந்தக் குழி நிறைய வேண்டும்.

அடக்கத்தன்று நீ அள்ளிப் போட்ட மண் குழியில் விழாமல் என் காலில் விழுந்தது. பாவம், அழுகையில் கண் தெரியவில்லை என்று நினைத்துக்கொண்டேன். உடம்பைப் பார்த்துக்கொள்.

அக்கா பராஸ்கா

*

ஹெரன் ஏரி ஆய்வு நிலையம், மனிடோபா
2 நவம்பர் 1967

அன்பு அக்காவுக்கு,

என்றென்றும் மகிமை. வயிறு பரவாயில்லை. இங்கே பனி விழ ஆரம்பித்துவிட்டது. என் அறை, படம் கழுவும் இருட்டறைக்கு அடுத்த சுவர் என்பதால் கதகதப்பாக இருக்கிறது. வேலையோடு வந்த அறை, வேலை இருக்கும்வரை எனக்கு வீட்டுக் கவலை இல்லை.

படம் ஒரு பெரிய காரியமா? ஆனால் ஒரு சங்கடம் உண்டு. எங்கள் தொழிலில் மரத்தடியில் நிற்கும் ஆள் கேமராவைப் பார்க்கக் கூடாது. பழைய அதிகாரி முதல் நாளே போட்ட சட்டம் அது. ஆள் நம்மைப் பார்த்தால், படத்தைப் பார்க்கிறவன் ஆளைப் பார்ப்பான், மரத்தைப் பார்க்க மாட்டான். மரம் எவ்வளவு பெரிது என்று காட்டத்தான் ஆள். அதனால் "மரத்தப் பாருங்க அத்தான், மரத்தப் பாருங்க" என்று நாள் முழுக்கக் கத்துவேன்.

அவர் கேட்டால்தானே! நான் பொத்தானை அமுக்கும் நேரம் பார்த்து ஏதாவது கேட்கத் திரும்புவார். "டேய் தனிலோ, மூக்குல கொசு உக்காந்திருக்கு, அடிக்கலாமா?" என்பார். அப்படித் திரும்பிய படம் கெட்ட படம். காற்றில் கிளை ஆடியது, குறுக்கே எதுவாவது நுழைந்தது, எல்லாம் கெட்ட படங்கள் என்று ஓர் உறையில் போட்டுவிடுவோம். எறிந்துவிடச் சொன்னார்கள், எனக்கு மனம் வரவில்லை. அந்த உறையில் தேடி அனுப்புகிறேன். கவலையை விடு.

அடுத்த கடிதத்தைக் கொஞ்சம் பெரிய எழுத்தில் எழுது அக்கா. உன் எழுத்து எறும்பு ஊர்வதுபோல் இருக்கிறது.

உன் தம்பி,
தனிலோ

*

சோரியா
10 டிசம்பர் 1967

அன்புள்ள தனிலோ,

கிறிஸ்துவுக்கு மகிமை. நலமாக இருக்கிறாயா? நான் நலமாக இருந்தேன், உன் உறையைப் பிரிக்கும்வரை.

மூன்று படம். முதல் படத்தில் முதுகு. இரண்டாவதில் முதுகும் ஒரு காதும். மூன்றாவதில் அளவு நாடாவோடு மரத்தை இரண்டு கையாலும் சுற்றிப் பிடித்து நிற்கிறார். என்னைக்கூட ஒரு நாளும் அப்படிப் பிடித்ததில்லை. நான் அவரைக் கட்டிக்கொண்டேனா, அந்த ஸ்ப்ரூஸ் மரம் கட்டிக்கொண்டதா?

பின்பக்கம் திருப்பிப் பார்த்தேன். ஸ்ப்ரூஸும் ஆஸ்பெனும் கலந்த காடு என்று உன் கையெழுத்தில் இருக்கிறது. மரத்தின் உயரம் இருக்கிறது, மரத்தின் வயது இருக்கிறது. அவருக்குப் பெயர் இல்லை. "அளவுக்கு ஓர் ஆள்" என்று எழுதியிருக்கிறாய். சொந்த அத்தானை!

ஃபெடோரக்கிடம் காட்டினேன். "முதுக வெச்சா ஊரு சிரிக்கும்மா. செத்தும் பொண்டாட்டிகிட்ட கோச்சுக்கிட்டுப் போறாருன்னு சொல்லுவாங்க" என்றான். பீங்கானை டொரண்டோவில் சுட்டு அனுப்புகிறார்களாம். நம் ஈஸ்டருக்கு முன்னால் படம் போய்ச் சேர்ந்தால்தான் பச்சை ஞாயிறுக்குக் கிடைக்கும்.

குழியின் அளவுக்கு ஒரு தாள் வெட்டி வைத்திருக்கிறேன். முகம் இதற்குள் அடங்க வேண்டும். ஒரு வாழ்த்தட்டையும் வைத்திருக்கிறேன். கிறிஸ்துமஸுக்கு யார் வீட்டில் சாப்பிடப் போகிறாய்? எந்தப் படம் என்று முடிவு செய்துவிட்டாயா? இரண்டுக்கும் பதில் எழுது. பெரிய எழுத்தாக எழுதியிருக்கிறேன், பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி. போதுமா?

அக்கா

*

ஹெரன் ஏரி
14 ஜனவரி 1968

அன்பு அக்காவுக்கு,

கிறிஸ்து பிறந்தார். நலம், உன் நலமறிய ஆவல்.

வாழ்த்தட்டையில் இருந்த பூ மிக அழகு. சன்னலில் வைத்திருக்கிறேன்.

இத்துடன் நான்கு படம். இரண்டில் அவர் திரும்பியிருக்கிறார் என்று நினைக்கிறேன். இங்கே பகல் மிகவும் குறைந்துவிட்டது, வேலை நிறைய. பழைய ஏழடி ஸ்ப்ரூஸ் கன்றுகள் இன்றைக்கு எப்படி நிற்கின்றன என்று ஒப்பிட்டுக் காட்டப் புத்தகம் போடுகிறார்களாம். எல்லாப் பழைய படத்தையும் நான்தான் அச்சிட வேண்டும்.

தம்பி,
தனிலோ

*

சோரியா
4 பிப்ரவரி 1968

தனிலோ,

கிறிஸ்துவுக்கு மகிமை. உடம்பு எப்படி என்று கேட்கக் கை வரவில்லை, கேட்டதாக வைத்துக்கொள்.

நினைக்கிறாயாம்! படம் உன் கையில் இருக்கிறது. திரும்பியிருக்கிறாரா இல்லையா என்று பார்க்க வேண்டியதுதானே, நினைக்க என்ன இருக்கிறது? நான்கில் மூன்று முதுகு. நான்காவதில் ஒருவன் திரும்பியிருப்பது உண்மை. ஆனால் அவன் மார்பு வரை தாடி வைத்த யாரோ ஒருவன். தாடிக்காரனைத் தன் கல்லில் பதித்தால் ஓலெக்சா எழுந்து வந்துவிடுவார்.

அட்டையில் பூ இல்லை. அது பெத்லகேம் நட்சத்திரம். கீழே மூன்று ஒட்டகம் வேறு நிற்கிறது. நான் கேட்ட இரண்டு கேள்விக்கும் பதில் இல்லை. உன் வரிகள் ஒன்றின்மேல் ஒன்று ஏறி விழுகின்றன. குடிக்கிறாயா? நேராகச் சொல். நம் அப்பாவைப் பார்த்தவள் நான், எனக்குப் புதிதில்லை.

ஞாயிறுதோறும் கல்லறைக்குப் போகிறேன். அந்தக் குழியில் பனி அடைத்துக்கொள்கிறது. விரலால் தோண்டி எடுக்கிறேன், அடுத்த வாரம் மறுபடி அடைத்திருக்கிறது. போகிறவர்கள் வருகிறவர்கள் எல்லாரும், "இன்னும் முகம் வரலியா பராஸ்கா?" என்கிறார்கள். என்ன சொல்வேன்? என் தம்பியிடம் பெட்டி நிறைய இருக்கிறது, கொடுக்கத்தான் மனமில்லை என்றா?

இதை யாரிடமும் சொல்லவில்லை, உன்னிடம் சொல்கிறேன். எனக்கே அவர் முகம் மறக்கிறது தனிலோ. மூக்கு தெரிகிறது. முன்பல் இடைவெளி தெரிகிறது. புருவம் தெரிகிறது. எல்லாவற்றையும் சேர்த்தால் வேறு யாரோ வந்து நிற்கிறார். பயமாக இருக்கிறது.

ஒரு படம். ஒரே ஒரு படம்தான் கேட்கிறேன்.

அக்கா

*

ஹெரன் ஏரி
1 மார்ச் 1968

அக்கா,

நலம். குடிக்கவில்லை.

இத்துடன் ஒன்று அனுப்பியிருக்கிறேன். முகம் நேராக, தெளிவாக இருக்கிறது. பல நாள் தேடி எடுத்தது. இதற்கு மேல் என்னால் முடியாது. இதையே கல்லில் வைத்துக்கொள்.

தனிலோ

*

சோரியா
12 மார்ச் 1968

ஹெரன் ஏரி ஆய்வு நிலையத்தின் தலைவர் திரு. அட்கின் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் உடல்நலம் நன்றாக இருக்க வேண்டும். இதை எனக்காக ஆங்கிலத்தில் எழுதுகிறவர் எங்கள் ஊர்ப் பள்ளி ஆசிரியை மிஸ் ஹாலண்ட். நான் சொல்வதில் ஒரு சொல்லும் மாற்ற மாட்டேன் என்று வாக்குக் கொடுத்துவிட்டுத்தான் பேனாவை எடுத்திருக்கிறார்.

என் பெயர் பராஸ்கா ஹாவ்ரிலியுக். என் கணவர் ஓலெக்சா உங்கள் காட்டில் பல கோடை அளவுக் கம்பு பிடித்தவர். சென்ற ஆகஸ்டில் இறந்துவிட்டார். கல்லறைக்கு அவர் முகப்படம் ஒன்று வேண்டும் என்று, உங்களிடம் புகைப்பட வேலை பார்க்கும் என் தம்பி தனிலோ செம்கோவிடம் இலையுதிர்காலம் முதல் கேட்கிறேன். அவன் அனுப்பிய எட்டுப் படங்களையும் இத்துடன் வைத்திருக்கிறேன். ஆறில் முதுகு. ஒன்றில் யாரோ ஒரு தாடிக்காரன். கடைசியாக அனுப்பியதை நீங்களே பாருங்கள் ஐயா. அது குதிரை. மரம் இழுக்கும் குதிரை. அதை அனுப்பிவிட்டு, "முகம் தெளிவாக இருக்கிறது, இதையே கல்லில் வைத்துக்கொள்" என்று எழுதியிருக்கிறான்.

எங்கள் கல்யாணத்தன்று என் தம்பி பந்தியில் எழுந்து, "எங்கக்காவுக்கு இந்தக் குதிர மூஞ்சிதான் கெடச்சுதா?" என்றான். அன்றைக்கு எல்லாரும் சிரித்தோம், என் கணவர்தான் பெரிதாகச் சிரித்தார். இன்றைக்கு அவர் மண்ணுக்குள் இருக்கிறார். இது சிரிக்கிற விஷயமா?

உங்கள் ஆள் தன் வேலையை எப்படிச் செய்கிறான் என்று கொஞ்சம் விசாரியுங்கள். அவன் உங்கள் மரங்களுக்குக் காட்டுகிற மரியாதையில் கால் பங்கை மனிதர்களுக்குக் காட்டட்டும்.

உண்மையுள்ள,
திருமதி பராஸ்கா ஹாவ்ரிலியுக்

*

ஹெரன் ஏரி ஆய்வு நிலையம்
29 மார்ச் 1968

மதிப்பிற்குரிய திருமதி ஹாவ்ரிலியுக் அவர்களுக்கு,

தங்கள் கணவரின் மறைவுக்கு எங்கள் நிலையத்தின் ஆழ்ந்த அனுதாபங்கள். இக்கடிதம் தங்களை நல்ல உடல்நிலையில் சந்திக்கும் என்று நம்புகிறேன்.

தாங்கள் அனுப்பிய எட்டுப் படங்களோடு, தாங்கள் கேட்ட படத்தையும் இத்துடன் அனுப்புகிறேன். எங்கள் செயலாளர் மிஸ் டோரிஸ் பென்னட், கெட்ட படங்களின் உறையில், தம் தேநீர் ஆறுவதற்குள் அதைக் கண்டெடுத்தார். படத்தின் பின்னால் "ஆள் கேமராவைப் பார்க்கிறார்" என்று நிராகரித்த காரணம் எழுதப்பட்டுள்ளது. பொருட்படுத்த வேண்டாம்.

மற்றதையும் தங்களுக்குத் தெரிவிப்பது என் கடமை. தங்கள் கடிதம் கிடைத்த அன்று திரு. செம்கோவை அழைத்து, எட்டுப் படங்களையும் மேசையில் பரப்பினேன். குதிரைப் படத்தை அவர் கையில் கொடுத்து, இது யார் என்று கேட்டேன். சன்னலோரம் கொண்டுபோய், முகத்தருகே வைத்து, நீண்ட நேரம் பார்த்தார். பிறகு, "எங்க அத்தான் சார்" என்றார்.

மறுநாள் நகரத்து மருத்துவரிடம் அழைத்துச் சென்றோம். கண்ணுக்குள் அழுத்தம் ஏறி, இரண்டு கண்ணிலும் பார்வை பெரும்பாலும் போய்விட்டது. வருடக்கணக்காக நடந்திருக்கிறதாம். இனித் திரும்பாது என்கிறார். எங்களுக்கு இது தெரியவே தெரியாது. இருட்டறையில் அவர் செய்த வேலையில் ஒரு நாளும் பிழை வந்ததில்லை. தாங்கள் எழுதியிராவிட்டால் அவர் ஓய்வு பெறும்வரை தெரியாமலே போயிருக்கும்.

புகைப்பட வேலையில் அவரை இனி வைத்திருக்க விதி இடம் தரவில்லை. ஜூன் மாத இறுதியோடு விடுவிக்கப்படுகிறார். அறையும் அதுவரை அவருக்கு உண்டு.

தங்கள் உண்மையுள்ள,
ஆர். அட்கின்

*

சோரியா
6 ஏப்ரல் 1968

என் தம்பி தனிலோ,

மகிமை சொல்லித் தொடங்க வேண்டும். வாய் வரவில்லை.

ஏன்டா சொல்லவில்லை? ஒரு வரி எழுதியிருந்தால் போதாதா? "அக்கா, எனக்குக் கண் தெரியவில்லை." நாலே வார்த்தைதானே! நான் உன்னைக் குடிகாரன் என்றேன். என் காலில் விழுந்த மண்ணை அழுகை என்றேன். நட்சத்திரத்தைப் பூ என்றபோது கேலி செய்தேன். நீ அந்த எறும்பு எழுத்தை எப்படித்தான் படித்தாயோ!

மிஸ் ஹாலண்ட் உங்கள் தலைவர் அட்கினின் கடிதத்தைப் படித்துக் காட்டி முடித்ததும், "படம் நல்லா வந்திருக்கே பராஸ்கா அம்மா" என்றார். எனக்கு அவரை வெளியே தள்ள வேண்டும் போல இருந்தது. ஆறு மாதம் நான் அழுது கேட்ட முகம் மேசைமேல் கிடந்தது, என்னால் அதைப் பார்க்க முடியவில்லை. கவிழ்த்து வைத்துவிட்டேன்.

வேலையோடு கூரையும் போகிறதே என்று இடிந்துபோய்விடாதே. இங்கே வா. கிழக்குப் பக்க அறை சும்மாதான் இருக்கிறது. உடனே பதில் போடு.

அக்கா

*

சோரியா
28 ஏப்ரல் 1968

அன்புத் தம்பி,

கிறிஸ்து உயிர்த்தார்!

பதில் சொல்ல வேண்டியவன் நீ, மூன்று வாரமாக வாயைத் திறக்கவில்லை. ஈஸ்டர் ரொட்டி ஒன்றைத் துணியில் சுற்றித் தபாலில் அனுப்பினேன், கிடைத்ததா? கருங்கல் மாதிரி ஆகியிருக்கும், பாலில் ஊறவைத்துச் சாப்பிடு.

ஃபெடோரக் படத்தை டொரண்டோவுக்கு அனுப்பிவிட்டான். அவனிடம் கொடுக்கும்போதுதான் முகத்தை முழுதாகப் பார்த்தேன்.

கோபமாக இருந்தால் திட்டி எழுது. நான் உன்னைத் திட்டி எத்தனை எழுதியிருக்கிறேன்! சும்மா இருக்காதே தனிலோ. சும்மா இருந்து இருந்துதான் இவ்வளவும் ஆயிற்று.

அக்கா

*

ஹெரன் ஏரி
20 மே 1968

அக்கா,

மெய்யாகவே உயிர்த்தார்.

ஒரு மரச்சட்டத்தை வரிக்கு வரி நகர்த்தி எழுதுகிறேன். கோணினால் பொறுத்துக்கொள். உன் கடிதங்களைச் சமையலறைக்குப் புதிதாக வந்திருக்கும் ஸ்டெஃபா படித்துக் காட்டினாள். நம் பாஷைக்காரி. நீ திட்டிய இடங்களில் குரலை உயர்த்திப் படித்தாள். ரொட்டி கிடைத்தது. சுத்தியல் தேவைப்பட்டது.

கோபமில்லை என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். பொய் எழுத வரவில்லை. கோபம் இருக்கிறது. அவர்கள் எல்லாரும் சுற்றி நிற்க, அந்தப் படத்தைக் கையில் கொடுத்து யார் என்று கேட்டார்களே, அந்த நிமிஷத்தை நீ எனக்குக் கொடுத்தாய். உனக்குத் தெரியாமல்தான் கொடுத்தாய். அதனால் கோபத்தை யார் மேலும் போட முடியவில்லை, அதுதான் பெரிய எரிச்சல்.

இருட்டறைக்குள் எல்லாரும் குருடர்கள்தான் அக்கா. விளக்கை அணைத்துவிட்டால் அங்கே என்னைவிட நன்றாகப் பார்க்கிறவன் ஒருவனும் இல்லை. புதுப் பையன்கள் தடுமாறுவார்கள், நான் விரலாலேயே எல்லாம் செய்வேன். அந்தக் கதவுக்குள் இருக்கும்வரை எனக்கு ஒரு குறையும் இல்லை. நீ கேட்ட படம் ஒன்றுதான் கண்ணால் தேட வேண்டிய வேலை. டோரிஸைக் கூப்பிட்டால் ஏன் என்று கேட்பாள். கூப்பிடாவிட்டால் நீ கேட்பாய்.

குதிரையைப் பற்றி. நெகடிவில் வெளுப்பு கறுப்பாகத் தெரியும், மனித முகம் கறுப்புத் திட்டாக இருக்கும். சன்னலில் பிடித்துப் பார்த்து, மரத்தடியில் என் பக்கம் திரும்பிய கறுப்புத் திட்டு இருந்ததாகப் பட்டதையெல்லாம் அச்சிட்டேன். அது வெள்ளைக் குதிரை. நல்ல பிராணி. பந்தியில் அத்தானைக் கேலி செய்தது நிஜம்தான், இது கேலி இல்லை.

டோரிஸ் கண்டெடுத்த படத்தில் அவர் எப்படி இருக்கிறார் என்று அவளைக் கேட்டேன். "ஒரு ஆளு, தொப்பி, கம்பு" என்றாள். நானும் காலமெல்லாம் அப்படித்தான் எழுதினேன். இப்போது அது போதவில்லை. எந்த நாள், எந்த மரம் என்றுகூடத் தெரியவில்லை. நீ பார்த்துச் சொல்.

வருவதைப் பற்றி யோசிக்க முடியவில்லை. அங்கே வந்து நான் என்ன செய்வேன்? உன் பசுக்களை முட்டிக்கொண்டு நிற்பேன். முழங்காலைப் பார்த்துக்கொள்.

தனிலோ

*

சோரியா
12 ஜூன் 1968

அன்புத் தம்பி தனிலோவுக்கு,

கிறிஸ்துவுக்கு மகிமை. ஸ்டெஃபா, நீயும் நலமாக இரு. திட்டு வரும் இடத்தில் குரலை உயர்த்து, தப்பில்லை. ஆனால் இதை மெதுவாகப் படி.

பச்சை ஞாயிறு முடிந்தது. வாசலிலும் சன்னலிலும் ஆஸ்பென் கிளை செருகினேன், வழக்கமாக வெட்டிவருகிறவர் இல்லாததால் நானே போய் வெட்டினேன். பீங்கான் முந்தின வியாழன்தான் வந்து சேர்ந்தது. பொருத்த வந்த ஃபெடோரக் முகத்தைச் சுளித்தான். "வாயத் தொறந்துக்கிட்டு இருக்காரேம்மா. மூடின மாதிரி தீட்டிரட்டுமா?" என்றான். தூரிகையை எடுத்தால் கையை முறிப்பேன் என்றேன்.

நீ கேட்டாயே, சொல்கிறேன். தொப்பியைப் பின்னுக்குத் தள்ளியிருக்கிறார், நெற்றி பாதி வெள்ளை, பாதி வெயில். இடது புருவத்துக்கு மேலே கொசுக்கடி வீங்கியிருக்கிறது. கம்பு சாய்ந்து கிடக்கிறது, அதனால் உங்கள் மரத்தின் அளவு நாசம். மரம் ஸ்ப்ரூஸ், பட்டையில் சுண்ணாம்பால் ஏதோ எண். சட்டையில் இரண்டாவது பொத்தான் இல்லை. நான் தைத்துக் கொடுத்த வேறு பொத்தான் அந்த இடத்தில் இருக்கிறது, பெரியது, பெண்கள் மேலங்கியில் இருப்பது. முன்பல் இடைவெளி தெரிகிறது. கண்ணைச் சுருக்கி நேராகப் பார்க்கிறார். கோபம் இல்லை, சிரிப்பும் இல்லை. ஏதோ கேட்க வாயைத் திறந்துவிட்டார், நீ அமுக்கிவிட்டாய். மூக்கும் புருவமும் பல்லும் எனக்கு இப்போது ஒன்றாகச் சேர்கின்றன. ராத்திரி கண்ணை மூடினாலும் அவராகவே வருகிறார்.

ஆசீர்வாதத்தன்று ஊரே கூடி நின்றது. டோம்கா குனிந்து பார்த்தாள், பிறகு நிமிர்ந்து என்னைப் பார்த்தாள்.

"எல்லாரும் வாய மூடிக்கிட்டு இருக்காங்க, உன் வீட்டுக்காரரு மட்டும் யார்கிட்டடி பேசிக்கிட்டு இருக்காரு?"

"படம் புடிச்சவன்கிட்ட," என்றேன். "என் தம்பிகிட்ட."

சொல்லி முடித்ததும் அழுகை வந்துவிட்டது. பாதிரியார் யூலியன் புனித நீரைத் தெளித்துவிட்டு, அழுது முடியும்வரை நின்றார்.

மன்னிப்புக் கேட்டு நாலு வரி எழுதிப் பார்த்தேன், கிழித்துவிட்டேன். மன்னிப்புக் கேட்பதைவிட எனக்கு பீட்ரூட் போர்ஷ்ட் சூப் நன்றாக வரும். உன் கோபத்தையும் மூட்டை கட்டிக்கொண்டு வா, அறை பெரியதுதான். பசுக்களைப் பற்றிக் கவலைப்படாதே, அவற்றுக்கு உன்னை முட்டத் தெரியும். பால் கறப்பதைக் கண்ணால் யாரும் செய்வதில்லை. உன் விரல்கள் சும்மா இருக்காது. வெள்ளைக் குதிரையைச் சமையலறைச் சுவரில் மாட்டியிருக்கிறேன். அது இனிப் போகாது.

மாதக் கடைசி ரயிலில் ஏறு. பெட்டியில் ஏற்றிவிட ஸ்டெஃபா வருவாள், வர வேண்டும். வெக்ரவில்லில் இறங்கியதும் இறங்கிய இடத்திலேயே நில். கூட்டத்தில் என் முகத்தைத் தேடாதே. நான் உன் பெயரைச் சொல்லிக் கத்துவேன், ஊருக்கே கேட்கும். குரல் வந்த பக்கம் திரும்பு. இந்த முறை திரும்பினால் திட்ட ஒருவரும் இல்லை.

உன் வரவுக்குக் காத்திருக்கும் அக்கா,
பராஸ்கா